சார்ட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி? இரண்டு தடவை கட்டணம் கட்டியவன் சொல்கிறேன்

வெளிநாட்டுப் படிப்புக்காகக் கேட்கிற ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் அகாடமிக் வகையை நான் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை ரைட்டிங்கில், அதாவது எழுத்துப் பகுதியில், 9க்கு 5.5. எங்கே கவிழ்ந்தேன் என்பது தேர்வறையை விட்டு வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது: ஒரு லைன் கிராஃபைக் கொடுத்து விவரிக்கச் சொன்ன முதல் கேள்வி. நான் போன பயிற்சி வகுப்பில் இரண்டு பக்கத்துக்கு ஒரு சொற்பட்டியல் கொடுத்திருந்தார்கள், 'சோர்', 'ஸ்கைராக்கெட்', 'பிளம்மெட்' என்று எல்லாம் பளபளவென்று இருக்கும், அதை ராத்திரி பகலாக உருப்போட்டுப் போய் எல்லாவற்றையும் ஒரே பதிலில் கொட்டிவிட்டு வந்தேன். 20இலிருந்து 22க்குப் போன கோட்டைக்கூட 'ஸ்கைராக்கெட்டட்', அதாவது ராக்கெட் மாதிரிப் பறந்தது, என்று எழுதியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை தயாரானபோதுதான் புரிந்தது, இதற்குத் தேவைப்படுவது சுமார் இருபத்தைந்து சொற்கள்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் 'பை', 'டு' மாதிரி எந்தக் குட்டிச்சொல் ஒட்டும் என்பது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான். ஆபீஸில் மாதாந்திர அறிக்கை எழுதுகிறவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஒரு விஷயம்: ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில்தான் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் ஒரு முறை அகராதியில் தேடி, ஸ்பெல்லிங்கை உங்கள் கையால் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 'பிளாட்டோ' மாதிரி சொற்களில் ஸ்பெல்லிங்குக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமே இருக்காது.

1. எந்தத் தேர்வு, எவ்வளவு நேரம்

சார்ட் கேள்வி வருவது அகாடமிக் தேர்வில் மட்டும். ஜெனரல் டிரெய்னிங் எடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் கடிதம் வரும், அவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ரைட்டிங்குக்கு மொத்தம் 60 நிமிடம். சார்ட்டுக்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொற்கள். இரண்டாவது கட்டுரைக்கு 40 நிமிடம், 250 சொற்கள், அதற்கு மதிப்பெண்ணில் இரட்டிப்புப் பங்கு. அதனால் சார்ட்டிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் பெரிய காசை விட்டுவிட்டுச் சில்லறையைப் பொறுக்குகிற கதைதான்.

150க்குக் குறைந்தால் அடி. 170, 180இல் நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் எழுதினால் புதிய தவறுகளுக்குத்தான் இடம் கொடுக்கிறீர்கள். புள்ளி வைத்துக் குறிப்பு மாதிரியும் எழுதக் கூடாது, முழு வாக்கியங்களாகத்தான் இருக்க வேண்டும்.

2. எழுதத் தொடங்குமுன் மூன்று நிமிடம் படத்தைப் பாருங்கள்

அச்சுகளில் என்ன இருக்கிறது, அலகு என்ன, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தக் கோடு யாருடையது. இதில் அலகுதான் ஆளை விழுங்கும். 'இன் தவுசண்ட்ஸ்' என்று ஓரத்தில் சின்னதாகப் போட்டிருப்பார்கள், அதைக் கவனிக்காமல் ஐம்பதாயிரம் பேரை ஐம்பது பேராக்கிவிடுவோம்.

இங்கிருந்து கடைசிவரை ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம், கற்பனைக் கணக்குதான். ஒரு நூலகத்துக்கு வந்தவர்கள், 2000 முதல் 2012 வரை, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை எடுத்த எண்ணிக்கை. பெரியவர்கள்: 20 ஆயிரம், 30 ஆயிரம், 50 ஆயிரம், 30 ஆயிரம். குழந்தைகள்: 10 ஆயிரம், 20 ஆயிரம், 30 ஆயிரம், 40 ஆயிரம்.

3. முதல் வாக்கியத்தை எழுதிவிட்டு நகருங்கள்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கேள்வியில் இருக்கிற வாக்கியத்தை உங்கள் சொற்களில் மாற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான். அப்படியே எடுத்து ஒட்டினால் அந்தச் சொற்களுக்கு மதிப்பே கிடையாது. 'ஷோஸ்' என்று இருந்தால் 'கம்பேர்ஸ்' அல்லது 'இல்லஸ்ட்ரேட்ஸ்' போடுங்கள். 'தி கிராஃப் கம்பேர்ஸ் தி நம்பர் ஆஃப் அடல்ட்ஸ் அண்ட் சில்ட்ரன் ஹூ விசிட்டட் எ லைப்ரரி பிட்வீன் 2000 அண்ட் 2012'. ஒரு நிமிட வேலை.

இதிலேயே ஒரு பொறி உண்டு. 'ஃப்ரம்' போட்டால் துணைக்கு 'டு', 'பிட்வீன்' போட்டால் துணைக்கு 'அண்ட்'. தமிழில் 'முதல்... வரை' என்று ஒரே ஜோடியில் பழகிவிட்டதால் நம் கை தானாக 'பிட்வீன் 2000 டு 2012' என்று எழுதிவிடும். தேர்வுக்கு முந்தைய வாரம்வரை நான் இந்தத் தவறைச் செய்துகொண்டிருந்தேன்.

4. ஓவர்வியூ: இதை விட்டால் மற்றதெல்லாம் வீண்

முதல் தடவை நான் இதை எழுதவே இல்லை. ஒவ்வொரு எண்ணையும் வரிசையாகப் படித்துக்காட்டினேன், கடைத்தெருவில் விலைப்பட்டியல் வாசிப்பது மாதிரி. மதிப்பிடும் விதிமுறை வெளிப்படையாக இணையத்தில் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள்: பேண்ட் 7க்கு, அதாவது 7 மதிப்பெண்ணுக்கு, தெளிவான ஓவர்வியூ வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதற்கப்புறம் எவ்வளவு நல்ல சொல் போட்டாலும் என்ன பயன்?

ஓவர்வியூ என்றால், படத்தை இரண்டு நொடி காட்டிவிட்டு மூடிவிட்டால் என்ன நினைவிருக்குமோ அது. எண் வேண்டாம். நம் உதாரணத்தில்: குழந்தைகள் எண்ணிக்கை கடைசிவரை ஏறிக்கொண்டே போனது, பெரியவர்கள் எண்ணிக்கை ஏறி அப்புறம் சரிந்தது, முடிவில் குழந்தைகள் பெரியவர்களை முந்திவிட்டார்கள். 'ஓவரால்' என்று தொடங்கி இரண்டு வாக்கியம். 'முந்தினார்கள்' என்பதற்கு 'ஓவர்டேக்', இறந்த காலத்தில் 'ஓவர்டுக்'. முதல் வாக்கியத்துக்கு அடுத்தே இதை எழுதிவிடுங்கள், கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் நேரம் போய்விடும்.

5. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எத்தனை சொல் வேண்டும்

ஏறுவதற்கு 'ரைஸ்', 'இன்கிரீஸ்', 'குரோ'. இறங்குவதற்கு 'ஃபால்', 'டிக்ரீஸ்', 'டிக்ளைன்', 'டிராப்'. இந்த ஏழும் எல்லா இடத்திலும் நிற்கும். இறந்த கால வடிவத்தை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: 'ரோஸ்', 'குரூ', 'ஃபெல்'. 'ஃபெல்ட்' என்று எழுதினால் 'உணர்ந்தது' என்று ஆகிவிடும், விற்பனை எதை உணர்ந்தது?

'ரைஸ்' வேறு, 'ரெய்ஸ்' வேறு. தானாக உயர்வது 'ரைஸ்', யாரோ உயர்த்துவது 'ரெய்ஸ்'. தமிழில் 'உயர்ந்தது', 'உயர்த்தினார்கள்' என்று எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறோம், அதே வித்தியாசம்தான். சார்ட்டில் எண்ணிக்கை தானாகத்தான் உயரும், ஆகவே 'தி நம்பர் ரோஸ்'.

'மேலே ஏறியது', 'கீழே விழுந்தது' என்று நாம் சொல்வதை வைத்துக்கொண்டு 'ரோஸ் அப்', 'ஃபெல் டவுன்' என்று எழுதாதீர்கள். 'ஃபெல் டவுன்' என்றால் ஆள் தடுக்கி விழுந்த மாதிரி. 'ரோஸ்', 'ஃபெல்' போதும்.

மாறாமல் இருந்தால் 'ரிமெய்ன்டு ஸ்டேபிள்'. ஏறிவிட்டு ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் 'லெவல்டு ஆஃப்' (விளக்கை அணைக்கும்போது சொல்கிற ஆஃப், ஸ்பெல்லிங்கில் இரண்டு எஃப் வரும்) அல்லது 'பிளாட்டோட்'. ஏறி இறங்கி ஏறி இறங்கி இருந்தால் 'ஃப்ளக்சுவேட்டட்'. உச்சம் தொட்டால் 'பீக்டு'. கொஞ்சம் சரிந்து மீண்டால் 'டிப்டு', அப்புறம் 'ரெகவர்டு'.

'ஸ்டெடி', 'ஸ்டேபிள்' இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் யாரும் இல்லை. 'ஸ்டேபிள்' என்றால் அசையவில்லை. 'ஸ்டெடி இன்கிரீஸ்' என்றால் ஒரே சீராக ஏறிக்கொண்டே இருக்கிறது. நம் குழந்தைகள் கோடு 'ஸ்டெடி'. அதைப் போய் 'ஸ்டேபிள்' என்று எழுதினால் சொல்தவறோடு போகாது, தகவலே தப்பாகிவிடும்.

அந்தப் பளபளப்புச் சொற்களைப் பற்றி என் கருத்து: ஏற்றத்துக்கு 'சோர்', 'சர்ஜ்', இறக்கத்துக்கு 'பிளஞ்ச்', 'பிளம்மெட்' எல்லாம் நல்ல சொற்கள்தான், ஆனால் கோடு செங்குத்தாகப் போகும்போது மட்டும். ஒரு பதிலில் அதிகபட்சம் ஒன்று. 'ஸ்கைராக்கெட்' வேண்டவே வேண்டாம், பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

6. பை, டு, ஃப்ரம், ஆஃப், இன், அட்

இதுதான் முக்கியமான இடம், இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என் பழைய பயிற்சித் தாள்களை எடுத்துத் தவறுகளை எண்ணினேன், பாதிக்கு மேல் இந்த ஆறு குட்டிச்சொற்களில்தான்.

பெரியவர்கள் எண்ணிக்கை 2000இல் 20 ஆயிரம், 2004இல் 30 ஆயிரம். '30 ஆயிரமாக உயர்ந்தது' என்றால் 'ரோஸ் டு 30,000'. '10 ஆயிரம் கூடியது' என்றால் 'ரோஸ் பை 10,000'. தமிழில் எண்ணோடு 'ஆக' ஒட்டினால் ஆங்கிலத்தில் 'டு'. 'ஆக' இல்லாமல் வெறும் அளவாக நின்றால் 'பை'. இந்த ஒரு சூத்திரத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானாகக் கண்டுபிடித்த நாளில் ஒரு டீ குடித்துக் கொண்டாடினேன். எங்கிருந்து தொடங்கியது என்பதற்கு 'ஃப்ரம்', அதில் குழப்பம் இல்லை.

அடுத்தது, அதே சொல் வினையாக வராமல் பெயராக வந்தால் குட்டிச்சொல் மாறும். 'ரோஸ் பை 10,000' என்பது 'எ ரைஸ் ஆஃப் 10,000' ஆகும். வினைக்கு 'பை', பெயருக்கு 'ஆஃப்' (இதற்கு ஒரே எஃப்). எதில் உயர்வு என்று சொல்ல 'இன்': 'எ ரைஸ் இன் தி நம்பர் ஆஃப் விசிட்டர்ஸ்'. இரண்டையும் சேர்த்தால் 'தேர் வாஸ் எ ரைஸ் ஆஃப் 10,000 இன் தி நம்பர் ஆஃப் விசிட்டர்ஸ்'. இந்த ஒரு வாக்கியத்தைத் தினமும் வேறு வேறு எண் போட்டுப் பத்துத் தடவை எழுதுங்கள், ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

நிலையாக ஓர் இடத்தில் நிற்பதற்கு 'அட்'. 2008இல் உச்சம்: 'பீக்டு அட் 50,000'. பெயராக எழுதினால் 'ரீச்டு எ பீக் ஆஃப் 50,000'. மாறாமல் நின்றால் 'ரிமெய்ன்டு அட் 30,000'. 'பீக்டு டு' என்று ஒன்று கிடையாது.

ஆண்டுக்கு 'இன்': 'இன் 2008'. 'இன் தி இயர் ஆஃப் 2008' என்று நீட்டுவது சொற்களின் எண்ணிக்கையைக் கூட்டத்தான், படிக்கிறவருக்கும் அது தெரியும்.

7. எது ஏறியது என்று சொன்னீர்களா?

'பெரியவர்கள் கூடினார்கள்' என்று பேச்சில் சொல்லிவிடலாம், ஆங்கிலத்தில் 'அடல்ட்ஸ் இன்கிரீஸ்டு' என்று எழுதினால் இடிக்கும். ஏறியது ஆட்கள் இல்லை, எண்ணிக்கை. 'தி நம்பர் ஆஃப் அடல்ட்ஸ்' என்று தொடங்குங்கள். எண்ணக்கூடியவற்றுக்கு 'நம்பர்', தண்ணீர், மின்சாரம், நேரம் மாதிரி அளக்கிறவற்றுக்கு 'அமவுண்ட்', பங்குக்கு 'புரொபோர்ஷன்'. 'தி நம்பர் ஆஃப்' வந்தால் வினை ஒருமை, 'எ நம்பர் ஆஃப்' வந்தால் பன்மை, ஒரு சின்னச் சொல்லில் எல்லாம் மாறிவிடுகிறது. விலையைப் பற்றி எழுதும்போது 'தி பிரைஸ் வாஸ் ஹை' என்றுதான் வரும், 'பிரைஸ்'ஸுக்கு 'காஸ்ட்லி' சேராது. பொருள்தான் 'காஸ்ட்லி'.

லட்சம், கோடியில் யோசிப்பவர்கள் மில்லியனுக்கு மாற்றும்போது ஒரு நொடி நிறுத்துங்கள். பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். எண்ணுக்குப் பின்னால் 'மில்லியன்'தான், 'ஃபைவ் மில்லியன் பீப்பிள்'. 'ஃபைவ் மில்லியன்ஸ்' தவறு.

8. எவ்வளவு வேகமாக, எவ்வளவு அதிகமாக

மெதுவாக என்றால் 'கிராஜுவலி', கொஞ்சமாக என்றால் 'ஸ்லைட்லி', சீராக என்றால் 'ஸ்டெடிலி', கணிசமாக என்றால் 'சிக்னிஃபிகன்ட்லி' அல்லது 'கன்சிடரபிளி', சடாரென்று என்றால் 'ஷார்ப்லி'. ஆறே சொல், போதும். வினைக்கு முன்போ பின்போ வரும்போது 'லி' இருக்கும், பெயருக்கு முன்னால் வரும்போது இருக்காது: 'ஃபெல் ஷார்ப்லி', 'எ ஷார்ப் ஃபால்'. பெரிய அளவில் என்று சொல்ல வரும் 'டிராமாட்டிக்கலி'க்குப் பதிலாக 'டிராஸ்டிக்கலி' என்று மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. 'டிராஸ்டிக்' கடுமையான, பெரும்பாலும் கெட்ட மாற்றத்துக்கு. நூலகத்துக்குக் கூட்டம் கூடியதை அப்படிச் சொன்னால் ஏதோ ஆபத்து வந்த மாதிரி இருக்கும்.

எண் சரியாகத் தெரியாதபோது 'அரவுண்ட்', 'அப்ராக்சிமேட்லி'. கோட்டுக்குச் சற்றுக் கீழே என்றால் 'ஜஸ்ட் அண்டர்', சற்று மேலே என்றால் 'ஜஸ்ட் ஓவர்'. படத்தில் கட்டக்கோடே இல்லாதபோது 31,400 என்று துல்லியமாக எழுதுவது வீரம் இல்லை.

9. சதவீதத்தில் விழாதவர் இல்லை

10 சதவீதம் 15 சதவீதமாக ஆனால் எவ்வளவு கூடியது? 5 சதவீதம் என்று எழுதுவோம். அது தவறு. 5 'பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்' கூடியது, சதவீதத்தில் பார்த்தால் 50 சதவீத உயர்வு, ஏனென்றால் 10இல் பாதி 5. ஆபீஸ் அறிக்கையில் இந்தத் தவறைச் செய்தால் மதிப்பெண் போகிறதோ இல்லையோ, மானம் போகும். சதவீதத்தைச் சதவீதத்தோடு ஒப்பிடும்போதெல்லாம் 'பாயின்ட்ஸ்' என்று முடியுங்கள், அல்லது பேசாமல் 'ஃப்ரம் 10 பர்சென்ட் டு 15 பர்சென்ட்' என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளுங்கள். தேர்வில் நான் செய்தது இரண்டாவதைத்தான்.

எண் கூட இருந்தால் 'பர்சென்ட்', எண் இல்லாமல் பொதுவாகச் சொன்னால் 'தி பர்சென்டேஜ் ஆஃப்'. 'தி பர்சென்ட் ஆஃப் சில்ட்ரன்' என்று எழுதாதீர்கள்.

வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டுகிற பை சார்ட் ஒரே ஆண்டுக்கு மட்டும் வந்தால் ஏறுவது இறங்குவது எல்லாம் வேலைக்கு ஆகாது. அங்கே 'இத்தனை பங்காக இருந்தது' என்று சொல்ல 'அக்கவுண்ட்டட் ஃபார்', 'மேடு அப்' இரண்டும் போதும்.

இரட்டிப்பானால் 'டபுள்டு', பாதியானால் 'ஹாவ்டு', நான்கு மடங்கானால் 'குவாட்ருபிள்டு'. நம் குழந்தைகள் 10 ஆயிரத்திலிருந்து 40 ஆயிரம், அதனால் 'குவாட்ருபிள்டு'. 'ஃபோர் டைம்ஸ் மோர்' என்று எழுதினால் நாலு மடங்கா, ஐந்து மடங்கா என்று படிக்கிறவர் விழிப்பார். 'ஃபோர் டைம்ஸ் ஆஸ் மெனி ஆஸ்' என்றால் சந்தேகம் இல்லை.

10. ஒப்பிடுங்கள், காலத்தைப் பாருங்கள்

இரண்டு கோடு இருந்தால் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தனியாக எழுதாதீர்கள். 'வேர்ஆஸ்' அல்லது 'வைல்' வைத்து ஒரே வாக்கியத்தில் மோத விடுங்கள்: 2008க்குப் பிறகு பெரியவர்கள் 30 ஆயிரமாகக் குறைய, குழந்தைகள் 40 ஆயிரமாக உயர்ந்தார்கள். ஏன் குறைந்தார்கள் என்று காரணம் தேடி எழுத வேண்டாம். படத்தில் இல்லாதது உங்கள் பதிலிலும் இருக்கக் கூடாது. 'இன்டர்நெட் வந்ததால்' என்று எழுத எனக்கும் கை அரித்தது.

முடிந்துபோன ஆண்டுகளுக்கு இறந்த காலம். ஆண்டே போடாத படத்துக்கு நிகழ்காலம். வரப்போகும் ஆண்டுகளுக்கு 'இஸ் புரொஜெக்டட் டு', 'இஸ் எக்ஸ்பெக்டட் டு'. வெறும் 'வில்' போட்டால் ஜோசியம் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

11. பணம், ஆவணம், தேதி

தேர்வுக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும், பதிவு செய்கிற பக்கத்திலேயே தெரியும். பயிற்சித் தாள்களுக்குக் காசு கொடுக்காதீர்கள், மாதிரிக் கேள்விகள் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன், தினமும் ஒரு படம், கடிகாரம் வைத்து 20 நிமிடம். முதல் வாரம் முழுக்க மேலே ஆறாவதாகச் சொன்ன குட்டிச்சொற்களை மட்டும்தான் செய்தேன்.

பதிவு செய்யும்போது எந்தப் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தீர்களோ அதே பாஸ்போர்ட்டைத் தேர்வன்று கையில் கொண்டுபோக வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் தேர்வு மையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். கணினியில் எழுதினால் சொற்களின் எண்ணிக்கை திரையிலேயே ஓடும், விரல்விட்டு எண்ணுகிற நேரம் மிச்சம். டைப்பிங் வராதவர்கள் மட்டும் யோசித்து முடிவெடுங்கள்.

மதிப்பெண் அநியாயமாகத் தோன்றினால் தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம், மதிப்பெண் மாறினால் அந்தப் பணம் திரும்பி வரும். ரைட்டிங்கில் மட்டும் குறைந்திருந்தால், உங்கள் மையத்தில் வசதி இருக்கும்பட்சத்தில், கணினியில் தேர்வு எழுதியவர்கள் 60 நாளுக்குள் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம். இது எனக்குத் தெரியாமல் நான்கு பகுதிக்கும் முழுக் கட்டணம் கட்டினேன். ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கிற கல்லூரி அந்த மதிப்பெண்ணை ஏற்குமா என்று பணம் கட்டுமுன் அவர்களிடமே எழுதிக் கேட்டுவிடுங்கள், எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுதான் செல்லும், அதனால் விண்ணப்பத் தேதியை முதலில் பார்த்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேர்வுக்கு நாள் குறியுங்கள்.